தொப்பூர் கணவாயில் ஏறுமா பென்ஸ் வண்டி?

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும் எந்த வண்டியும் தொப்பூர் கணவாயைத் தாண்டித்தான் வர வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே போதும், உடம்பு ஒரு கணம் விழித்துக்கொள்ளும். வரும்போது ஏற்றம், திரும்பும்போது நீண்ட இறக்கம். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மீது மோதிய லாரிகளைப் பற்றிய செய்தி தருமபுரிக்காரர்களுக்குப் புதிதல்ல.

கணவாய் ஒவ்வொரு வண்டியிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறது. உன்னால் ஏற முடியுமா? ஏறும்போது எழும் சூட்டைத் தாங்குவாயா? இறங்கும்போது உன்னை நீயே பிடித்து நிறுத்துவாயா? மோட்டார் காரின் ஏறத்தாழ 140 ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி இந்த மூன்று கேள்விகளுக்கு மனிதர்கள் தேடிய விடைதான். அந்த விடைகளை இரும்பாகவும் ரப்பராகவும் கண்ணெதிரே பார்க்கக்கூடிய இடம் ஒன்று தருமபுரியிலிருந்து சுமார் 230 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் அவினாசி சாலையில் உள்ள ஜிடி கார் அருங்காட்சியகம் அது.

தனியார் சேகரிப்பு அது. 2015-இல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது. ஜி.டி. நாயுடு அறக்கட்டளை அதை நடத்துகிறது. கோவையை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த நாயுடு, இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கியவர். கோவையில் ஓர் உணவு விடுதியில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த வண்டியையே வாங்கினார். பிறகு அதைப் பிரித்துப் பார்த்துத்தான் எந்திரம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்து விட்டார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார். பிரித்துப் பார்த்துக் கற்றவரின் பெயரில் அமைந்த சேகரிப்பு என்பதால், இங்கே வண்டியின் விலையைவிட அது கொண்டுவந்த தொழில்நுட்பத்துக்கே முதல் மரியாதை.

இங்குள்ள வண்டிகளை மனத்தளவில் தொப்பூருக்கு ஓட்டிவந்து பார்ப்போம். கோவையிலிருந்து வருவதால் முதலில் ஏற்றம்.

ஏற்றம்

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியின் மறுவடிவம் இங்கே இருக்கிறது. பார்த்தால் குதிரை கழற்றப்பட்ட வண்டிபோலத் தோன்றும். பின்புறம் ஒற்றை சிலிண்டர், 954 சி.சி. கொள்ளளவு. இன்றைய சின்னக் கார்கள் பலவற்றின் எஞ்சினும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் பென்ஸ் எஞ்சின் தந்த திறன் முக்கால் குதிரைத்திறன் மட்டுமே, அதுவும் நிமிடத்துக்கு 400 சுற்றில்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 330 கிலோ என்று கொள்வோம். அந்த எடையை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க சுமார் 3.2 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். முக்கால் குதிரைத்திறன் என்பது வினாடிக்குச் சுமார் 550 ஜூல். ஒரு துளி ஆற்றல்கூட உராய்வில் வீணாகாவிட்டாலும் அந்த 100 மீட்டர் ஏற 10 நிமிடம் பிடிக்கும். சாலையின் உராய்வையும் சங்கிலியின் உராய்வையும் சேர்த்தால் வண்டி வழியிலேயே நின்றுவிடும்.

நின்றும் இருக்கிறது. 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு இந்த வகை வண்டியில் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வழி. உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அதுதான். ஏற்றம் வந்த இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில், கறை போக்க விற்கும் ஒரு திரவத்தை வாங்கி ஊற்றினார். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். திரும்பி வந்ததும் அவர் சொன்ன குறையைக் கேட்டு, மலை ஏறுவதற்கென்றே தாழ்ந்த கியர் ஒன்றை பென்ஸ் சேர்த்தார்.

கியர் செய்வது ஒரு பண்டமாற்று. வேகத்தைக் கொடுத்து இழுவிசையை வாங்குகிறது. எஞ்சினின் திறன் அப்படியேதான் இருக்கும். ஆனால் எஞ்சின் நான்கு சுற்று சுற்ற, சக்கரம் ஒரு சுற்று மட்டும் சுற்றும்படி பல்சக்கரங்களை அமைத்தால், சக்கரத்தில் முறுக்கும் விசை நான்கு மடங்காகிறது. வண்டி மெதுவாகப் போகும், ஆனால் ஏறிவிடும்.

ஃபோர்டு மாடல் டி அடுத்து வரட்டும். 1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கும் மேல் செய்யப்பட்ட வண்டி. 20 குதிரைத்திறன். ஆட்களோடு சேர்த்து 900 கிலோ என்று கொண்டால், அதே 100 மீட்டரை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஏறக்கூடிய திறன். இருபத்திரண்டு ஆண்டுகளில் பத்து நிமிடம் ஒரு நிமிடமாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் இதற்கும் ஒரு வினோதமான சிக்கல் உண்டு. மாடல் டி-யில் பெட்ரோலை இழுத்துத் தரும் பம்ப் கிடையாது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே டேங்க், முன்னால் இன்னும் தாழ்வாகக் கார்புரேட்டர். பெட்ரோல் தன் எடையாலேயே வழிந்து ஓடும். செங்குத்தான மேட்டில் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டால் கார்புரேட்டர் மேலே போய்விடும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் எஞ்சினுக்கு வந்து சேராது. அப்போது ஓட்டுநர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டியைத் திருப்பி, பின்னோக்கி ஓட்டியே மலை ஏறினார்கள். வால் மேலே, மூக்கு கீழே என்றானதும் பெட்ரோல் தடையின்றி இறங்கியது. இன்னொரு லாபமும் கிடைத்தது. அந்த வண்டியில் முதல் கியரைவிட ரிவர்ஸ் கியருக்கே இழுவிசை அதிகம்.

பழைய கியர்பெட்டிகளில் இன்னொரு சோதனை இருந்தது. வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு பல்சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்த்தால் பல் பல்லோடு மோதிக் கறகறவென்று அரைக்கும். ஓட்டுநர் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து எஞ்சின் வேகத்தை ஒத்துவரச் செய்து, மறுபடி கிளட்ச் மிதித்து கியர் போட வேண்டும். நம் லாரி ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ என்று சொல்வது இதைத்தான். 1928-இல் கேடிலாக் கார்களில் சின்க்ரோமெஷ் வந்தது. பற்கள் சேர்வதற்கு முன், கூம்பு வடிவ வளையம் ஒன்று உராய்ந்து இரண்டின் வேகத்தையும் சமமாக்கிவிடும். ஓட்டுநரின் காலும் காதும் செய்த வேலையை ஒரு பித்தளை வளையம் ஏற்றுக்கொண்டது. இன்று பதினெட்டு வயதில் ஒருவர் சில வாரங்களில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதில் இந்த வளையத்துக்குப் பெரும் பங்குண்டு.

சூடு

பழைய பெட்ரோல் எஞ்சின், தான் குடிக்கும் எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கைத்தான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாக மாற்றும். மீதி எல்லாம் சூடு. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். மற்றதை அகற்றாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. எஞ்சின் முழுத் திறனோடு உழைப்பதால் சூடு உச்சத்தில், வண்டி ஊர்ந்து போவதால் மேலே படும் காற்றோ மிகக் குறைவு. சித்திரை வெயிலில் கணவாய் ஓரத்தில் பானெட்டைத் திறந்து நிற்கும் வண்டிகளின் கதை இதுதான்.

பென்ஸ் வண்டியில் ரேடியேட்டர் இல்லை. சிலிண்டரைச் சுற்றி இருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 22.5 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் எஞ்சின் காப்பாற்றப்பட்டது. விலை என்னவென்றால், வழியெல்லாம் தண்ணீர் தேடி நிற்க வேண்டும். 1901-இல் வந்த மெர்சிடிஸ் 35 எச்.பி. காருக்காக வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு ரேடியேட்டரை வடிவமைத்தார். 8,070 சின்னஞ்சிறு குழாய்கள். காற்றுக்கும் தண்ணீருக்கும் இடையே உள்ள பரப்பு பல மடங்கு பெருகியதால், கொஞ்சத் தண்ணீரே திரும்பத் திரும்பக் குளிர்ந்து வேலை செய்தது. இன்று ஓடும் பெரும்பாலான கார்களின் முகப்பில் இருப்பது அந்த எண்ணத்தின் வாரிசு.

மாடல் டி-யின் பெரும்பாலான வண்டிகளில் தண்ணீர் பம்பும் கிடையாது. சூடான தண்ணீர் அடர்த்தி குறைந்து மேலே எழும், ரேடியேட்டரில் குளிர்ந்த தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். எந்த எந்திரமும் தள்ளாமலே தண்ணீர் தானாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் நீண்ட ஏற்றத்தில் எஞ்சின் சூடு பெருகும் வேகத்துக்கு இந்த மெதுவான சுழற்சி ஈடுகொடுக்காது, கொதித்துவிடும்.

சேகரிப்பில் நிற்கும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இந்தக் கேள்விக்கு வேறொரு விடை சொல்கிறது. தண்ணீரே வேண்டாம் என்றார்கள் அதைச் செய்தவர்கள். பின்புறம் வைத்த நான்கு சிலிண்டர் எஞ்சினின் மேல் தகடு தகடாகச் செதில்கள். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் விசிறி அவற்றின்மீது காற்றைத் தள்ளும். வண்டி ஊர்ந்தாலும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால் காற்று குறையாது. கொதிக்கத் தண்ணீர் இல்லை, உறையவும் தண்ணீர் இல்லை. எஞ்சினின் எடை முழுவதும் ஓட்டும் சக்கரங்கள்மேல் இருப்பதால் ஏற்றத்தில் பிடிமானமும் நன்றாக இருக்கும். 2003 ஜூலையில் மெக்சிகோவில் கடைசி வண்டி வெளிவரும்வரை 2.15 கோடிக்கும் மேல் பீட்டில்கள் செய்யப்பட்டன.

வெயில் நம் ஊர் அம்பாஸடர்களையும் பியட்களையும் வேறு விதத்திலும் படுத்தியது. பெட்ரோல் பல சேர்மங்களின் கலவை. அதில் எளிதில் ஆவியாகும் பகுதி 40 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். அந்தக் கார்களில் பெட்ரோலை இழுக்கும் பம்ப் எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. சூட்டில் உள்ளே குமிழ்கள் உண்டாகும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்பால் குமிழைத் தள்ள முடியாது. அது சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும், பெட்ரோல் நகராது. வண்டி நின்றுவிடும். அனுபவமுள்ள ஓட்டுநர் இறங்கி, ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றிவிட்டுக் காத்திருப்பார். துணியில் உள்ள நீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துச்செல்லும், உள்ளே குமிழ் மறுபடி பெட்ரோலாகும், வண்டி கிளம்பும். பென்ஸ் சிலிண்டரைக் காத்த அதே விதிதான் இங்கே ஈரத்துணியிலும் வேலை செய்தது. இன்றைய கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருந்து, அழுத்தத்தோடு தள்ளுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும் என்பதால் அந்தத் தொல்லை அநேகமாக ஒழிந்தது.

இறக்கம்

தருமபுரியைப் பார்த்துவிட்டுக் கோவைக்குத் திரும்ப வேண்டும். இனித்தான் கடினமான பகுதி. ஏறும்போது வண்டிக்குள் சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது வெளியே வந்தாக வேண்டும். வேகமாகவோ சூடாகவோதான் அது வர முடியும். 30 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால், அதன் பிரேக்குகள் வாங்கிக்கொள்ள வேண்டிய வெப்பம் சுமார் 2.9 கோடி ஜூல். கல்யாண வீட்டில் 100 லிட்டர் அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் சூடு அது. அடுப்பில் வைத்தால் வெகுநேரம் ஆகும் வேலையைச் சில நிமிடங்களில் சில இரும்பு டிரம்கள் ஏற்க வேண்டியிருக்கிறது.

பெர்த்தா பென்ஸுக்கே இந்த அனுபவம் வந்தது. அவர் வண்டியின் பிரேக் ஒரு மரக்கட்டை. இறக்கங்களில் கட்டை தேய்ந்து போனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தி, கட்டையின்மேல் தோலை ஆணியடித்துத் தரச் சொன்னார். நாம் இன்று மெக்கானிக் கடையில் மாற்றிக்கொள்ளும் பிரேக் லைனிங்குக்கு அதுவே முன்னோடி.

பிறகு வந்தது டிரம் பிரேக். வட்டமான டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உட்சுவரில் உராயும். அம்பாஸடரும் பிரீமியர் பத்மினியும் பெரும்பாலும் இவற்றை நம்பித்தான் ஓடின. இதன் பலவீனம் சூட்டில் வெளிப்படும். சூடானால் இரும்பு விரியும். டிரம் விரிந்தால் அதன் உட்சுவர் ஷூவை விட்டு விலகிப் போகும். லைனிங்கும் சூட்டில் வழுக்கத் தொடங்கும். ஓட்டுநர் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறைந்துகொண்டே வரும். 1953-இல் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்ற பிறகு உலகம் விழித்துக்கொண்டது. டிஸ்க் திறந்த வெளியில் சுற்றுவதால் காற்று பட்டு விரைவில் ஆறும். சூட்டில் அது தடித்தாலும் பிரேக் பேடை நோக்கியே தடிக்கும். சூடு எதிரியாக இருந்த இடத்தில் வடிவத்தை மாற்றி அதன் கெடுதலைக் குறைத்தார்கள்.

பிரேக் ஆயிலுக்கும் இதில் பங்கு உண்டு. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலைக்குக் குறைந்தபட்ச வரம்பு 205 டிகிரி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அது 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் அது கொதித்துக் குமிழ் உண்டானால், பெடல் பஞ்சாகிக் கீழே போய்விடும்.

இதற்கெல்லாம் மேலாகப் பழைய வண்டிகள் கற்றுத்தரும் ஒரு பாடம் எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்துவது. கியரில் இறங்கும்போது சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் எஞ்சினில் காற்று வழி மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் அந்த வெற்றிடத்துக்கு எதிராக இழுத்து உழைக்க வேண்டியிருக்கும், அந்த உழைப்பு வண்டியைப் பிடித்து நிறுத்தும். கியர் தாழ்வாக இருக்க இருக்கப் பிடிப்பு அதிகம். டீசல் எஞ்சினில் அப்படி மூடும் வழி இல்லாததால்தான் லாரிகளில் புகைக்குழாயை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைக்கிறார்கள். மாடல் டி ஓட்டியவர்கள் நீண்ட இறக்கத்தில் தாழ்ந்த கியர் பெடலை மிதித்தபடியே இறங்கினார்கள். சின்க்ரோமெஷ் இல்லாத காலத்தில், நடு இறக்கத்தில் கியர் மாற்றப்போய் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் மீட்சி இல்லை என்பதால், இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு வந்துவிடுவது அவர்களுக்கு இரத்தத்தில் ஊறிய வழக்கம்.

அந்த வழக்கத்தை இன்று சிலர் மறந்துவிட்டார்கள். டீசலை மிச்சப்படுத்த இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். நியூட்ரலில் எஞ்சினின் பிடிப்பு முற்றிலும் போய்விடும். அந்த 2.9 கோடி ஜூலும் பிரேக் டிரம்களின் தலையில் விழும். லாரியின் ஏர் பிரேக்குக்குக் காற்றை நிரப்பும் கம்பிரசரும் எஞ்சினோடுதான் சுற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓட, ஓட்டுநர் திரும்பத் திரும்பப் பிரேக் மிதிக்க, காற்றழுத்தம் இறங்கும். நூறு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கட்டிய பாதுகாப்புகளை ஒரே கையசைவில் கழற்றி எறிவதற்குச் சமம் அது.

ஏன் பழைய வண்டி?

இதையெல்லாம் புதுக் காரில் பார்க்க முடியாதா என்று கேட்கலாம். பானெட்டைத் திறந்தால் கருப்புப் பிளாஸ்டிக் மூடி மட்டுமே தெரியும். உள்ளே கணினி முடிவெடுக்கிறது, கம்பிகள் வழியே கட்டளை போகிறது. பழைய வண்டியில் ஒவ்வொரு செயலும் கம்பியாக, கோலாக, பல்சக்கரமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. பெடலை மிதித்தால் எது நகர்ந்து எதைத் தள்ளுகிறது என்று பத்து வயதுப் பிள்ளையால் விரல் வைத்துக் காட்ட முடியும். பள்ளிப் புத்தகத்தில் உராய்வு, அழுத்தம் என்று தனித்தனியாகப் படிப்பது இங்கே ஒரே உடம்பில் சேர்ந்து நிற்கிறது.

அந்த உடம்பைக் காப்பதும் எளிதல்ல. ஓடாமல் நிற்கும் வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற படிவு கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஈரம் ஏறிய பிரேக் ஆயில் சிலிண்டரைத் துருப்பிடிக்கச் செய்யும். ஒரே இடத்தில் நின்ற டயர் ஒரு பக்கம் தட்டையாகும். கோவைச் சேகரிப்பு போன்ற இடங்களில் நாம் பார்க்கும் பளபளப்புக்குப் பின்னால், உதிரிபாகம் கிடைக்காதபோது லேத்தில் கடைந்து செய்து மாட்டும் கைகளின் உழைப்பு இருக்கிறது.

தருமபுரி மாவட்டத்திலும் தோட்டத்து வீட்டுக் கொட்டகைகளில் தாத்தா காலத்து அம்பாஸடரோ, சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டோ தூசி மூடி நிற்கலாம். பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றிய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் பெரிதாக மாற்றப்படாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பழமை வாகனமாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பிறகு மறுபதிவு செய்ய 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பழமை வாகன அணிவகுப்புக்கும் ஓட்டிச் செல்லலாம்.

பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுலா என்றால் பூங்காவும் அணையும் மட்டும் என்று வைத்துக்கொள்ளாமல், பிள்ளைகளை ஒருமுறை கோவைக்கு அழைத்துப் போங்கள். சேலம், சங்ககிரி, பவானி, பெருந்துறை வழியாகக் காலையில் கிளம்பினால் இரவு வீடு திரும்பிவிடலாம். அங்கே ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் நின்று, இது எந்தச் சிக்கலைத் தீர்க்கச் செய்யப்பட்டது என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளைதான் நாளை நல்ல ஓட்டுநராகவும் நல்ல பொறியாளராகவும் வளரும்.